வாழைக்கடியில் கிடந்த கழுதை

சமையல் கொட்டகைக்குப் பின்னால் எலுமிச்சைத் தோல் கிடந்தது. ஒன்றிரண்டு இல்லை, ஏழெட்டு. சாறு ஒட்டப் பிழிந்து, உள்பக்கம் அடுப்புச் சாம்பல் அப்பிய தோல்கள். சிஃபாயேல் தடியால் கிளறிப் பார்த்தார். வீட்டில் யாருக்கும் இருமல் இல்லை, சளி இல்லை. வேண்டாதவர்கள் யாரோ எதையோ ஓதி வீசியிருக்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தார். எதைப் பார்த்தாலும் அவருக்கு முதல் நினைப்பு அப்படித்தான் ஓடும். பக்கத்து வீட்டு நாய் ஒருநாள் குரைக்காவிட்டால், நாய்க்கு யார் என்ன போட்டார்கள் என்று கேட்கிற ஆள்.

கொட்டகையைச் சுற்றி வந்தார். மகள் அனாண்டே தண்ணீர்ப் பீப்பாய் மேல் உடைந்த கண்ணாடித் துண்டைச் சாய்த்து வைத்து, உதட்டை இழுத்துப் பிடித்துப் பல்லைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். விரலில் சாம்பல். ஈறில் ரத்தம்.

“என்னடி பண்ற?”

“பல்லு விளக்குறேன்.”

“சின்னதுலேர்ந்து ஒழுங்கா விளக்கியிருந்தா இப்ப இந்தப் பாடு இல்ல.”

யோசித்துச் சொன்னதில்லை. பதினாலு வருஷமாகச் சொல்லிச் சொல்லி நாக்கில் தடம் விழுந்த வார்த்தை.  அனாண்டே புறங்கையால் வாயை மூடிக்கொண்டு உள்ளே போனாள். இருபத்தொரு வயதுப் பெண். சிரித்தால் அந்தக் கை வரும், பேசினால் வரும். சர்ச்சில் பாடும்போது மட்டும் வராது. பாடும்போது தனக்குக் கை இருப்பதே அவளுக்கு மறந்துபோகும்.

சிஃபாயேல் தோல்களைக் காலால் ஒதுக்கி மண்ணைத் தள்ளி மூடினார்.   அவள் பல்லில் இருக்கும் பழுப்பு தேய்த்தால் போகாது என்று அவருக்குத் தெரியும். அந்தச் சரிவில் மற்ற எவருக்கும் தெரிந்ததைவிட நன்றாகத் தெரியும்.

மேரு மலைச்சரிவில் பிறந்தவர்களுக்குப் பல் அப்படித்தான். பாலில்லாத தேநீரின் நிறம். சிலருக்கு மேலே குழிகுழியாக அரித்தும் இருக்கும். இறங்கி டவுனுக்குப் போய் வாயைத் திறந்தால் போதும், எந்த நிறுத்தத்தில் இறங்க வேண்டும் என்று பஸ் கண்டக்டரிடம் சொல்லவே தேவையில்லை. சிஃபாயேலுக்கு மிச்சமிருக்கும் ஐந்து பல்லும் அதே நிறம். அவர் காலத்தில் அதை யாரும் குறையாக நினைத்ததில்லை. எல்லோருக்கும் ஒரே மாதிரி இருந்தால் எது குறை?

கொட்டகைக்குள் அவர் மனைவி வாழைக்காய் சீவிக்கொண்டிருந்தாள். ஊரில் அவளை அனாண்டே அம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். அவரும் அப்படியே கூப்பிட்டுப் பழகிவிட்டார்.

“உன் மகளுக்குப் பைத்தியம் பிடிச்சிருக்கா?” என்றார்.

“சனிக்கிழமை சர்ச் பாட்டுக் குழுவ வீடியோ எடுக்குறாங்க. உங்களுக்குத் தெரியாதா?”

“எடுக்கட்டும். அதுக்கு?”

“போன மாசம் டவுனுக்குப் போய்ப் பாட்டுப் பாடிப் பதிஞ்சிட்டு வந்தாங்கல்ல. அதுல முன்பாட்டு முழுக்க நம்ம புள்ளதான். ஆனா வீடியோவுல முன்னாடி நிக்கப்போறது எலிநாமியாம்.”

“யாரு, எலிசாரியா மகளா? அவளுக்குப் பாட வருமா?”

“எங்க வரும். ஆடு கத்துற மாதிரி இருக்கும். பாட வேணாமாம், வாய மட்டும் அசைச்சாப் போதுமாம். குரல் நம்ம புள்ளையோடது, பல்லு அவளோடது. ஃபனுவேல் வாத்தியார் முடிவு பண்ணிட்டாரு.”

கத்தியில் ஒட்டிய தோலை அவள் வழித்து எறிந்தாள். “இவ பின்வரிசை. பின்வரிசைல நின்னு தன் பாட்டையே வேடிக்கை பாக்கணும்.”

சிஃபாயேல் வெளியே வந்தார். வாசலில் ஒரு நீல வாளி கவிழாமல் சாய்ந்து கிடந்தது. அடியில் குழாய் வைத்த பெரிய வாளி. அதற்குள் வைக்கோல் போட்டு ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. கோழி அவரை ஒரு கண்ணால் பார்த்தது. அவர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

அந்த வாளி வந்தபோது அனாண்டேக்கு ஒரு வயது முடியவில்லை. தண்ணீர் ஆட்கள் என்று சிலர் வந்தார்கள். உங்கள் ஆற்றுத் தண்ணீரில் ஒன்று கலந்திருக்கிறது, ஈறுக்குள் இருக்கும்போதே பல்லைக் கெடுத்துவிடுகிறது, வெளியே வந்தபிறகு என்ன தேய்த்தும் பயனில்லை, குழந்தைகளுக்காவது நல்ல தண்ணீர் கொடுங்கள் என்றார்கள். மாட்டெலும்பை மூடிய சூளையில் சுட்டுக் கரியாக்கி வாளியில் நிரப்பிக் கொடுத்தார்கள். மேலே ஆற்றுத் தண்ணீரை ஊற்றினால் கீழே குழாயில் நல்ல தண்ணீர். வீட்டுக்கு ஒரு வாளி.

மாடறுக்கும் கொட்டகையிலிருந்து சூளைக்கு எலும்பு ஏற்றி வந்தது சிஃபாயேல்தான். அவருடைய கழுதை, அவருடைய வண்டி. மழையிலும் வெயிலிலும் நாறிக்கொண்டே ஓட்டினார். சூளைச் சாவி தனக்குத்தான் வரும் என்று நினைத்தார், ஊரிலும் இரண்டு பேரிடம் சொல்லி வைத்தார். சாவி கொடுக்கிற அன்று தண்ணீர் ஆட்கள், எத்தனை மணி நேரம் நெருப்பு எரிந்தது, எத்தனை மூட்டை போட்டது என்று நோட்டில் எழுதத் தெரிந்தவர் யார் என்று கேட்டார்கள். சிஃபாயேல் இரண்டாம் வகுப்போடு நின்றவர். எலிசாரியா ஏழு முடித்தவர். சாவி எலிசாரியாவின் கழுத்தில் தொங்கியது.

அதே வாரம் கழுதை வயிறு ஊதிச் செத்தது. சிஃபாயேல் தனியாகக் குழி வெட்டி வாழைக்கடியில் புதைத்தார். கழுத்திலிருந்த பித்தளை மணியை அவிழ்க்க மனசு வரவில்லை.

அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்து வெளியே ஏலம் நடந்தது. காணிக்கையாக வந்த வாழைத்தார், கோழி, முட்டை எல்லாவற்றையும் கூவி விற்றுக்கொண்டிருந்தார்கள். எலிசாரியா புது வாளியைத் தூக்கி வந்து வருகிறவர் போகிறவருக்கெல்லாம் ஒரு குவளை தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தார், கல்யாண வீட்டுக்காரர் போல. ஒருவன் சிஃபாயேலைப் பார்த்து, “உங்க கழுதையக் காணமே, எங்க?” என்றான்.

“இப்பக் குடிச்சியே, அதுல இருந்துச்சே. தெரியலையா?” என்றார் சிஃபாயேல்.

கூட்டம் சிரித்தது. ஒரு பெண் குடித்த தண்ணீரைத் துப்பினாள். அவருக்கு வேண்டியிருந்தது அந்த ஒரு சிரிப்புதான். ஆனால் மறுநாள் இரண்டு பேர் வீட்டுக்கே வந்து, நிஜமா என்று கேட்டார்கள். இல்லை என்று சொல்லியிருக்கலாம். “நான்தானப்பா வண்டியில ஏத்திக் கொடுத்தேன். கழுதை மட்டும்னா நினைச்ச? நாயும் உண்டு” என்றார். எலும்பு ஏற்றியவன் சொன்னால் ஊர் நம்பாமல் என்ன செய்யும்? அந்த வாரமே ஆறு வாளி சூளை வாசலுக்குத் திரும்பி வந்தது. ஒரு மாதத்தில் சூளை அணைந்தது. அவர் மனைவியும் வாளிக் கரியைக் குப்பையில் கொட்டி, வாயைக் கொப்பளித்துத் துப்பினாள். வேண்டாம் என்று அவரால் எப்படித் தடுக்க முடியும்?

எலிசாரியா மட்டும் விடவில்லை. தன் வீட்டுக்கும், நம்பி வந்த நாலைந்து வீட்டுக்குமாக அவ்வப்போது சூளை மூட்டினார். அந்த வீட்டுப் பிள்ளைகளுக்குப் பல் வெள்ளையாக முளைத்தது. கடையில் வாங்கிய மருந்தைத் தேய்க்கிறார்கள் என்று சிஃபாயேல் சொல்லிக்கொண்டிருந்தார். அனாண்டேக்கு ஏழு வயதில் முன்பல் முளைத்தபோது, விளிம்பிலேயே பழுப்பு தெரிந்தது. அன்றைக்குத்தான் முதன்முதலில், நீ ஒழுங்கா விளக்குறதில்ல என்று அவளைத் திட்டினார்.

புதன்கிழமை அவர் மண்வெட்டியோடு திரும்பும்போது வீட்டுக்குள் சத்தம்.

“என்னடி வாயெல்லாம் கறுப்பு?”

“கரிம்மா.”

“எந்தக் கரி? அடுப்புக் கரி இப்படி மினுங்காது.”

“எலிநாமி கொடுத்தா. அவங்க சூளைக் கரி. இடிச்சுச் சலிச்சிருக்கேன். தண்ணியையே சுத்தம் பண்ணுதுன்னா பல்லச் சுத்தம் பண்ணாதா?”

அனாண்டே அம்மா கையிலிருந்த அவரைக்காய்த் தட்டைக் கீழே வைக்கவில்லை, போட்டாள். “கழுதையையா வாயில வச்சிருக்க? துப்புடி. நாயையும் கழுதையையும் சுட்ட கரி. உங்கப்பா கையால ஏத்திக் கொடுத்த எலும்பு. துப்பு.”

“அதெல்லாம் மாட்டெலும்புதான்னு எலிநாமி சொன்னாளே.”

“அவ வேற என்ன சொல்லுவா? இதோ நிக்கிறாரே, இவரக் கேளு.” அவள் வாசல் பக்கம் திரும்பினாள். “சொல்லுங்க. நீங்கதான ஏத்துனீங்க.”

இரண்டு பேரும் அவரைப் பார்த்தார்கள். மகளின் வாயோரம் கறுப்பு எச்சில் வழிந்து தாடைக்கு வந்திருந்தது. மாடுதான், எல்லாம் மாடுதான் என்கிற வார்த்தை அவருக்குள் புரண்டது. இருபது வருஷம் உட்கார்ந்தே இருந்தது, அதற்கு எழுந்திருக்கத் தெரியவில்லை.

“அம்மா சொல்றதக் கேளு,” என்றார்.

அனாண்டே துப்பினாள். அம்மா அந்தக் கரிப் பொட்டலத்தைப் பிடுங்கிக் கக்கூஸ் குழியில் போட்டுவிட்டு வந்தாள். சாப்பாட்டு நேரத்தில் அனாண்டே, பசி இல்லை என்றாள். சிஃபாயேல் சாப்பிட்டார். 

வியாழக்கிழமை அரிவாள் தீட்ட அவர் முக்குரோட்டுக்குப் போனார். அங்கே வாடகைப் பைக்குகள் நிற்கும் இடத்தில் மெக்கானிக் ஒருவன் இருக்கிறான். பெரியவர்களைக் கண்டால் எழுந்து வணக்கம் சொல்வான், நல்லவன்தான், ஆனால் எதையும் யோசிக்காமல் விற்பான்.

“வீட்டுல சோலார் போட்டுட்டீங்களா பெரியப்பா?”

“என்ன சோலாரு?”

“பேட்டரி ஆசிட்டு வாங்கிட்டுப் போச்சே உங்க பொண்ணு. ஒரு பாட்டில். இப்பத்தான் போகுது.”

சிஃபாயேல் அரிவாளை அங்கேயே விட்டார். வீட்டில் பேட்டரி கிடையாது, ஒரு டார்ச் லைட்டைத் தவிர. பேட்டரி ஆசிட்டில் குச்சியை நனைத்துப் பல்லில் தடவிய ஒரு கண்டக்டரை அவருக்குத் தெரியும். ஒரு மாதம் புதுச் சோளம் மாதிரி வெளுத்துத் திரிந்தான், பஸ் படியில் நின்று ஊரெல்லாம் சிரித்தான். இரண்டாம் மாதம் பல் சுண்ணாம்பு மாதிரி உதிர ஆரம்பித்தது. இப்போது கஞ்சி மட்டும் குடிக்கிறான், அதையும் ஆற வைத்து.

பத்து வருஷமாக ஓடாத கால் ஓடியது. மேட்டில் மூச்சு வாங்கியது, நிற்கவில்லை.

பீப்பாய் மேல் அதே கண்ணாடித் துண்டு. பக்கத்தில் மூடி திறந்த பாட்டில். அனாண்டே குச்சி நுனியில் துணி சுற்றிக்கொண்டிருந்தாள்.

“கீழ வை அத.”

“கிட்ட வராதீங்கப்பா, சிந்திரும்.”

“பல்லு கரைஞ்சு போயிரும்.”

“கரையட்டும். மேல இருக்கற அழுக்கு கரைஞ்சா அடியில வெள்ளை வரும்.”

“அடியில வெள்ளை இல்ல.”

“உங்களுக்கு எப்படித் தெரியும்?” அவள் குச்சியைப் பாட்டிலில் விட்டாள். “நீங்கதான எப்பவும் சொல்லுவீங்க, விளக்கத் தெரியாதவன்னு. இப்ப விளக்குறேன். விடுங்க.”

“நீ நல்லாத்தான் விளக்குன.”

அவள் கை நின்றது.

“நீ நல்லாத்தான் விளக்குன பொண்ணே. அது அழுக்கு இல்ல. தண்ணி. வெளிய வர்றதுக்கு முன்னாடியே உள்ளுக்குள்ள கெடுத்துருச்சு. அந்த நீல வாளித் தண்ணியக் குடிச்சிருந்தா உனக்கும் எலிநாமி மாதிரி இருந்திருக்கும்.”

“அதுல கழுதை எலும்புன்னு...”

“கழுதை இல்ல. நாயும் இல்ல. எல்லாம் மாடு. நான் ஏத்துன ஒவ்வொரு மூட்டையும் மாடு. கழுதை அந்த வாழைக்கடியில கிடக்கு. நான்தான் புதைச்சேன்.” அவர் மூச்சு இன்னும் நிதானத்துக்கு வரவில்லை. “சாவிய அவனுக்குக் கொடுத்துட்டாங்க. எனக்கு வயித்தெரிச்சல். ஒரு வார்த்தை சொன்னேன். அப்புறம் அத மாத்த வாய் வரல.”

கொட்டகை மூலையில் அனாண்டே அம்மா நின்றிருந்தாள். எப்போது வந்தாள் என்று அவருக்குத் தெரியவில்லை. இடுப்பில் கைவைத்து நின்றாள்.   

அனாண்டே குச்சியை வெளியே எடுத்தாள். நுனித் துணி கறுத்துச் சுருங்கிப்போயிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

“நாலாம் வகுப்புல டீச்சர் என்னை வெளிய நிறுத்தி மண்ணு வச்சுத் தேய்க்கச் சொன்னாங்க. எல்லாப் புள்ளைங்களும் ஜன்னல்ல நின்னு பாத்துச்சுங்க. வீட்டுக்கு வந்து உங்ககிட்ட அழுதேன். நீங்க என்ன சொன்னீங்க?”

அவருக்கு நினைவு இருந்தது. டீச்சர் சொன்னது சரிதான் என்று அன்று சொல்லியிருந்தார்.

“ஞாபகம் இருக்கா?”

“இருக்கு.”

அவள் பாட்டிலை மூடி அவர் கையில் கொடுத்தாள். “இதக் கொண்டுபோய் அந்த ஆள்கிட்டக் கொடுங்க. அப்புறம் சனிக்கிழமை வாங்க. பாட்டுக் குழு இருக்கும், ஊரே வேடிக்கை பாக்க வரும். என் பல்லு அழுக்கு இல்லன்னு சொல்லணும். அந்தப் பொய்ய எல்லார் முன்னாடியும்தான சொன்னீங்க.”

குச்சியை எறிந்துவிட்டு உள்ளே போனாள்.

போய்ச் சொல்வது பெரிதில்லை என்று முதலில் நினைத்தார். படுத்துப் புரண்டபோதுதான் தெரிந்தது, யாரும் நம்பப் போவதில்லை. மகளை முன்னால் நிறுத்த அப்பன் கதை கட்டுகிறான் என்பார்கள். எலிசாரியா ஏதோ கொடுத்து வாயை வாங்கிவிட்டான் என்பார்கள். அவராக இருந்தால் அப்படித்தான் சொல்வார். ஒருத்தர் சொன்னதை இன்னொருத்தர் நம்பாமல் இருக்க ஊரைப் பழக்கிவிட்டதில் அவருக்கும் பங்கு உண்டு.

வெள்ளிக்கிழமை காலையில் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வாழைத் தோப்புக்குள் இறங்கினார். அன்று வைத்த வாழை பட்டு, கன்று வந்து, அதன் கன்றும் தார் போட்டுச் சாய்ந்து, இடமே அடையாளம் மாறியிருந்தது. ஒரு குழி வெட்டினார், ஒன்றும் இல்லை. இன்னொன்று வெட்டினார். மனைவி வந்து வரப்பில் நின்றாள்.

“என்ன, புதைச்ச இடம் கூடவா மறந்துபோச்சு? இருபது வருஷமா நெஞ்சுல வச்சிருந்தேங்கறீங்க.”

அவர் வெட்டினார்.

“மாட்டெலும்புத் தண்ணிய நான் என் கையால கொட்டுனேன். என் புள்ளைக்கு இந்த ஆத்துத் தண்ணிய நானே காய்ச்சி ஊட்டுனேன். காய்ச்சுனா நல்லதுன்னு நினைச்சு.” அவள் குரல் உயரவில்லை. “அந்தச் சூளைய எப்பத் தாண்டுனாலும் துப்பிட்டுத்தான் போவேன். எலிசாரியா பொண்டாட்டி பாத்துக்கிட்டே நிப்பா. ஒருநாளும் ஒரு வார்த்தை கேட்டதில்ல.”

“நீயும் நாலு அடி அடிச்சுரு. கணக்கு முடியட்டும்.”

“அடிச்சா உங்களுக்கு லேசாப் போயிரும். இன்னும் கொஞ்சம் இடது பக்கம் வெட்டுங்க. அங்கதான் அந்த வருஷம் வாழை முரட்டுத்தனமா வளந்துச்சு.”

இடது பக்கம் வெட்டினார். முழங்கை ஆழத்தில் மண்வெட்டி எலும்பில் பட்டது. தலை முழுசாக வந்தது. கழுத்தெலும்புகளுக்கு நடுவே பச்சை பூத்த மணி. அவர் உட்கார்ந்து தலையைத் துடைத்தார். தாடையில் பல் அப்படியே இருந்தது, நீள நீளமாக. மண் போகத் தேய்த்தார். மண் போனது, பழுப்புப் போகவில்லை. அதுவும் இதே ஆற்றில் குடித்து வளர்ந்த கழுதை.

சனிக்கிழமை ஆற்றங்கரைப் புல்லில் பாட்டுக் குழு நின்றது. எல்லோருக்கும் ஒரே மஞ்சள் கிட்டெங்கே துணியில் தைத்த உடுப்பு. ஒரு பெட்டியிலிருந்து பாட்டு ஒலித்தது, கேமராக்காரர் கையை உயர்த்தி உயர்த்தி நிறுத்தினார். முன்னால் எலிநாமி. பெட்டிக்குள்ளிருந்து வந்தது அனாண்டேயின் குரல். பின்வரிசையில் அனாண்டே, உதட்டை இறுக்கிக்கொண்டு.

“திரும்பவும்,” என்றார் கேமராக்காரர். “அந்தப் பொண்ணு பாட்டு முடிஞ்சப்புறம் வாயத் திறக்குது.”

அப்போதுதான் சிஃபாயேல் நீல வாளியைத் தோளில் வைத்துக்கொண்டு இறங்கி வந்தார். கோழியைக் கிளப்புவதற்குள் அது அவர் கையை இரண்டு இடத்தில் கொத்தியிருந்தது.

“பெரியவரே, ஓரமா போங்க, படத்துல விழறீங்க,” என்றார் ஃபனுவேல் வாத்தியார். பாட்டுக் குழுவை நடத்துகிறவர். எதிலும் ஒழுங்கு பார்க்கிறவர்.

“விழட்டும்.”

அவர் வாளியைப் புல்லில் வைத்தார். உள்ளேயிருந்து கழுதைத் தலையை எடுத்து முன்வரிசைக்கு எதிரே வைத்தார். மணியைப் பக்கத்தில் வைத்தார். இரண்டு பெண்கள் பின்னால் நகர்ந்தார்கள்.

“காலையிலயே வாழை பீர் ஏறியிருச்சு இவருக்கு,” என்று யாரோ சொன்னதும் சிரிப்பு எழுந்தது.

“இது என் கழுதை,” என்றார் சிஃபாயேல். “மணிய அடையாளம் தெரியுதுல்ல உங்களுக்கு? இது எலிசாரியாவோட சூளைக்குப் போகல. உங்க வாளிக்குள்ள வரல. என் வாழைக்கடியில கிடந்துச்சு. நான் பொய் சொன்னேன். வாளியில இருந்தது அத்தனையும் மாட்டெலும்பு. சாவி எனக்குக் கிடைக்கலன்னு சொன்ன பொய். என் மக பல்லு அழுக்கு இல்ல. உங்க பிள்ளைங்க பல்லும் அழுக்கு இல்ல. நான் பண்ணது.”

சிரிப்பு உடனே அடங்கவில்லை. ஓரமாக இருந்து ஒவ்வொருவராக நிறுத்தினார்கள். முன்வரிசையில் டாமாரி என்றொரு பெண். அவளுடைய ஆறு வயது மகள் புல்லில் உட்கார்ந்து கரும்பு கடித்துக்கொண்டிருந்தாள். டாமாரி போய் மகளின் தாடையைப் பிடித்து நிமிர்த்தி வாய்க்குள் பார்த்தாள். முன்னால் இரண்டு பல் விழுந்து ஓட்டை. புதுசு இன்னும் வரவில்லை.

“உள்ள இருக்கறதும் கெட்டிருக்குமா பெரியப்பா?” என்று கேட்டாள்.

 சிஃபாயேலுக்கு, வேறு யாராவது நல்ல திட்டாகத் திட்டியிருந்தால் தேவலாம் போலிருந்தது.

எலிசாரியா கூட்டத்துக்குப் பின்னாலிருந்து மெல்ல வந்தார். அவருக்கும் எழுபது ஆகிறது. கழுத்தில் சாவி அதே கயிற்றில் தொங்கியது. குனிந்து மணியை எடுத்து ஆட்டினார். மண் அடைத்த மணி சத்தம் போடவில்லை.

“என் சூளையில ஒரு மனுஷனோட தலையும் இருக்குன்னுகூடச் சொன்னாங்க. அதுவும் நீயா?”

“அது நான் இல்ல. அது தானா வளந்தது.”

எலிசாரியா தலையாட்டினார். “முப்பத்தொரு வாளி திரும்பி வந்துச்சு. எந்த எந்த வீடுன்னு நோட்டுல இருக்கு. எழுதத் தெரியும்னுதான சாவி கொடுத்தாங்க.” அவர் மணியை சிஃபாயேல் கையில் வைத்தார். “அத்தனை வீட்டுக்கும் போ. இங்க சொன்னத அங்கயும் சொல்லு. கரி நான் சுட்டுத் தர்றேன். எலும்பு நீ சுமந்துட்டு வா. வண்டி இல்லன்னா தோள்ல.”

ஃபனுவேல் வாத்தியார் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “நேரமாகுது. எலிநாமி, உன் இடத்துக்கு வாம்மா.”

எலிநாமி நகரவில்லை. “எனக்குத் தாடை வலிக்குது சார். அடுத்தவ பாட்ட மென்னு மென்னு. அவளே பாடட்டும்.”

“வீடியோவுல பல்லு தெரியுமே.”

“எனக்கு வாயும் பாட்டும் ஒண்ணாப் போனாப் போதும்,” என்றார் கேமராக்காரர். “வெயில் ஏறுது. யாராவது நில்லுங்க.”

அனாண்டே யாரையும் கேட்கவில்லை. பின்வரிசையிலிருந்து இரண்டு பேரை விலக்கிக்கொண்டு வந்து முன்னால் நின்றாள். பாட்டு ஆரம்பித்தது. அவள் வாயசைக்கவில்லை, நிஜமாகவே பாடினாள். பெட்டிக் குரலும் அவள் குரலும் ஒன்றாக ஆற்றுக்கு மேலே போயின. வாய் முழுசாகத் திறந்திருந்தது. பழுப்பு, குழி, எல்லாம் வெயிலில் தெரிந்தது. சிஃபாயேல் பார்க்க வேண்டும் என்று நினைத்தார். கழுதைத் தலையைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார்.

அன்று சாயங்காலத்துக்குள் நாலு வீடு போய்விட்டு வந்தார். முதல் வீட்டில் உட்காரச் சொல்லவில்லை. இரண்டாம் வீட்டில் கிழவன் பாதி கேட்டுவிட்டுச் சிரித்தான், அவனுக்குப் பல்லே இல்லை. மூன்றாம் வீட்டுப் பெண் தன் கால்வளைந்த மகனைக் கூப்பிட்டு அவர் முன்னால் நடக்கச் சொன்னாள், இதுவும் அந்தத் தண்ணியா என்று கேட்டாள். நாலாம் வீட்டில் என்ன சொன்னார்கள் என்று அவர் காதில் விழவில்லை.

வீட்டில் நீல வாளி கழுவி, எலிசாரியா கொடுத்த கரி நிரம்பி, மேடை மேல் உட்கார்ந்திருந்தது. குழாயிலிருந்து தண்ணீர் நூலாக இறங்கியது. இடம் போன கோழி வாளியைச் சுற்றிச் சுற்றி வந்து கொக்கரித்தது. அனாண்டே அம்மா குழாயில் ஒரு குவளை பிடித்து மகளுக்குக் கொடுத்தாள். தனக்கு ஒன்று பிடித்துக்கொண்டாள். மூன்றாவது குவளையை எடுத்துக்கொண்டு மூலைக்குப் போய், ஆற்றுத் தண்ணீர்ப் பானையில் முக்கி அவர் முன்னால் வைத்தாள்.

“உங்களுக்குத்தான் கழுதை ஆகாதே,” என்றாள்.

அனாண்டேக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நினைக்காமல் வந்த சிரிப்பு, வாய் திறந்து, பல் அத்தனையும் தெரிய. கை வரவில்லை.

பிறகு அவர் தன்னைப் பார்ப்பதைப் பார்த்தாள். கை வந்து வாயை மூடியது.

சிஃபாயேல் குவளையை எடுத்துக் குடித்தார். இன்னும் இருபத்தேழு வீடு இருந்தது.